அதே பெயர், எந்த வினா? – தமிழ் அறிவியல் புனைவுப் படங்களும் அவற்றின் மறுதொடக்கங்களும்

2022 ஜூன் 3 அன்று லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' வெளியானபோது தமிழ்த் திரைப்பட ரசிகர்களிடையே ஒரு பழைய வழக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1986இல் இதே பெயரில், இதே கமல்ஹாசன் நடித்து, சுஜாதாவின் எழுத்தில் ஒரு படம் வந்திருந்தது. இரண்டுக்கும் என்ன உறவு? முன்னது வெறும் முயற்சி, பின்னதே நிறைவு என்றனர் ஒரு சாரார். முன்னதன் துணிச்சல் பின்னதில் இல்லை என்றனர் மறுசாரார். இவ்விருவரையும்விட எண்ணிக்கையில் மிகுந்த மூன்றாம் சாராரும் இருந்தனர். முன்னதைப் பார்க்காமலேயே தீர்ப்பு வழங்கியவர்கள் அவர்கள்.

கல்லூரி மரத்தடியிலும் திருப்புலிவனம் போன்ற ஊர்களின் தேநீர்க் கடை வாசலிலும் இவ்வழக்கை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 2018இல் '2.0' வந்தபோது 'எந்திர'னை முன்வைத்து இதுவே நடந்தது. படத்தைப் பற்றித் தொடங்கும் பேச்சு நடிகரைப் பற்றிய பேச்சாகி, வசூல் எண்களில் போய் முடியும். வென்றவர் யார் என்பது தெரியும். பேசப்பட்டது என்ன என்பது தெரியாது. இப்பேச்சைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒரு கதையை இரண்டாம் முறை சொல்லும்போது எதைக் காக்க வேண்டும், எதைக் கைவிடலாம் என்னும் கேள்வி அப்பேச்சின் அடியில் இருக்கிறது. அது இலக்கியத்தின் கேள்வி. தமிழில் மிக நீண்ட வரலாறு உடைய கேள்வி.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். 1978இல் இந்தியில் வந்த 'டான்' 1980இல் ரஜினிகாந்த் நடித்த 'பில்லா' ஆனது. ஒரு மொழியின் கதையை இன்னொரு மொழியில் மீண்டும் எடுக்கும் இதுவே ரீமேக். 2007இல் அஜித்குமார் நடிப்பில் அதே 'பில்லா' புதிய காலத்தின் உடையிலும் ஒளியிலும் மீண்டும் தொடங்கப்பட்டது. இதனை ரீபூட் எனலாம். 2012இல் வந்த 'பில்லா 2' அந்நாயகனின் தொடக்கத்தைச் சொன்ன முன்கதை. கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்குவதைக் குறிக்கும் சொல்லே ரீபூட். அணைத்தபின் நினைவில் எது எஞ்சுகிறது என்பதுதான் நம் விசாரணை.

எந்திர யானையின் வழி

நம் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடைபெறும். பகலில் பாரதப் பிரசங்கம்; இரவில் கூத்து; நிறைவில் துரியோதனன் படுகளம். துரியோதனன் வீழ்வான் என்பது பார்ப்போர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் விடியும்வரை அமர்ந்திருக்கிறார்கள். மறுநாட் காலையில் அவர்கள் பேசுவது கதையைப் பற்றியன்று. இவ்வாண்டுக் கர்ணன் எவ்வாறு சொன்னான், சென்ற ஆண்டுக் கர்ணன் எவ்வாறு சொன்னான் என்பதையே பேசுகிறார்கள். கட்டியக்காரன் இன்றைய ஊர்ச் செய்தியை அத்தினாபுரத்துக்குள் கொண்டுவந்தாலும் எவரும் குறை சொல்வதில்லை. மறுகூறல் நமக்குப் புதிதன்று.

திருப்புலிவனத்துக் கோயிலின் இறைவன் வியாக்கிரபுரீசுவரர். புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் என்பது மரபு. வண்டு தீண்டாத மலரை வைகறையில் பறிப்பதற்காகப் புலியின் கால்களை வேண்டிப் பெற்றவர் அவர். அதே முனிவர் தில்லையிலும் வழிபட்டார்; திருப்பாதிரிப்புலியூரிலும் வழிபட்டார். எந்த ஊரின் கதை மூலம், எந்த ஊரின் கதை நகல் என்று அடியவர் வழக்காடியதில்லை.

மூலம் என்பதே கைநழுவிப்போன நிலையும் நம் இலக்கியத்தில் உண்டு. யானை வேட்கை மிகுந்த உதயணனைச் சிறைப்படுத்த, வீரர்கள் உள்ளே ஒளிந்திருந்த எந்திர யானை ஒன்று அனுப்பப்பட்ட கதை இந்தியாவெங்கும் சொல்லப்பட்டது. குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றிய பிருகத்கதை இன்று இல்லை. வடமொழிக் கதாசரித்சாகரமும் தமிழில் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையும் அதன் வழிவந்தவை. பெருங்கதையும் முழுமையாகக் கிட்டவில்லை. முதலும் முடிவும் இழந்த நிலையில் ஏடுகளைத் தேடித் தொகுத்து உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். அதன் கதைப்போக்கை அறிய உதவும் நூல்களுள் ஒன்று, ஐஞ்சிறு காப்பியங்களுள் வைத்து எண்ணப்படும் உதயணகுமார காவியம். கவிதை நயத்தால் பெருங்கதைக்கு அருகில் வைக்க முடியாத நூல்தான். எனினும் பெரிய நூல் சிதைந்த இடத்தில் சிறிய நூலே கைவிளக்காகிறது. மறுகூறலின் முதற்கடமை இதுவென்று கொள்ளலாம்: தனக்கு முன்னிருந்ததைச் சுமந்து வருதல்.

இரண்டாவது கடமையும் உண்டு. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு சுருக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதனை 'நந்தனார் சரித்திர'மாக விரித்தபோது, சேக்கிழார் பாடாத வேதியர் என்னும் நிலக்கிழார் உள்ளே வந்தார். தில்லைக்குச் செல்ல விடுப்புக் கேட்கும் பண்ணையாளும் அதனை மறுக்கும் ஆண்டையும் எதிரெதிரே நின்றனர். அணுக முடியாமை என்னும் பழைய வினா, உழைப்பும் அடிமையும் என்னும் தன் காலத்து வினாவோடு சேர்ந்தது. திரைப்படத்துக்கும் அது சென்றது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 'பக்த நந்தனார்' வந்தது. 1942இல் ஜெமினி நிறுவனம் தண்டபாணி தேசிகரை நடிக்கவைத்து 'நந்தனார்' எடுத்தது. எந்த நந்தனார் உயர்ந்தவர் என்று இசை ரசிகர்கள் பேசிய பேச்சு, இன்றைய ரீபூட் வழக்கின் மூதாதை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சீவகசிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் ஏறி விசயை வானில் தப்பிச் செல்கிறாள். இதைக் காட்டி, அறிவியல் புனைவு நமக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது என்போர் உளர். நாம் அதற்கு உடன்படவில்லை. மயிற்பொறி கதையை நகர்த்தும் கருவி. அது பறப்பதால் அந்நாட்டு மக்களின் வாழ்வில் எதுவும் மாறவில்லை. ஒரு கருவி வந்துவிட்டது, இனி மனிதர் எவ்வாறு வாழ்வர் என்று கேட்கும்போதே அறிவியல் புனைவு தொடங்குகிறது. எந்த அறிவியல் புனைவுப் படத்துக்கும் உயிர் அந்தக் கேள்வியே. மறுதொடக்கத்தைப் பற்றிய நம் அளவுகோலும் இதிலிருந்தே பிறக்கிறது.

தொடர்ச்சியற்ற தொடக்கங்கள்

தமிழில் இவ்வகைப் படங்களின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொன்றும் தானே முதலாவது என்பது போல் தொடங்கியிருப்பது தெரியும். 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அமெரிக்க இயக்குநர் வில்லியம் பெர்க்குடன் இணைந்து ஒரு படத்தை உருவாக்கினார். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. அழிந்துபோன மாமத யானைகள் இந்தியக் காட்டில் உயிரோடிருப்பதாகக் கதை. பழக்கிய யானைகளுக்கு ரோமப் போர்வை அணிவித்து மாமதங்களாக்கினர். உதயணனை ஏமாற்றிய பொய் யானைக்குப் பின் தமிழர் கண்ட அடுத்த பொய் யானை இது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆயினும் 'காட்டி'ன் தொடர்ச்சியாகத் தமிழில் எதுவும் வரவில்லை.

1963 ஏப்ரலில் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் 'கலை அரசி' வந்தது. வேற்றுக் கோளினர் இடம்பெற்ற முதல் இந்தியப் படமாக இதனைப் பொதுவாகக் குறிப்பர். எம்.ஜி.ஆர். இரட்டை வேடம், பானுமதி நாயகி, எம்.என். நம்பியார் வேற்றுக் கோளிலிருந்து வருபவர். கதையை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவியலில் நம்மைவிட முன்னேறிய ஒரு கோளில் இசை இல்லை. தம் மக்களுக்கு இசை கற்பிக்க ஒருத்தி வேண்டும் என்று அவர்கள் பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கடத்திச் செல்கிறார்கள். யூரி ககாரின் விண்ணுக்குச் சென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் புறப்பட்டது அதே 1963இன் நவம்பர் 21 அன்று. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே தமிழ்த் திரை விண்கலத்தில் ஏறிவிட்டது. ஏறியதும் கேட்ட கேள்வி, இயந்திரம் மிகுந்த உலகில் கலைக்கு என்ன இடம் என்பது.

ஆயுதத்தையோ நீரையோ பொன்னையோ தேடிவராமல் பாட்டைத் தேடிவரும் வேற்றுக் கோளினரை நாம் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. ஒப்பனையும் அரங்கமும் ராஜா ராணிப் படத்தினவாக இருக்கலாம். அந்தக் கேள்வி புதியது. ஆனால் அடுத்து வந்தோர் எவரும் இதனைக் கையில் எடுக்கவில்லை. படம் 'எம்.ஜி.ஆர். படம்' என்னும் பெரிய அடுக்கில் ஒன்றாக வைக்கப்பட்டது. அப்படத்தை விரும்பியோர் அந்த அடுக்கைக் காத்தனர். அந்தக் கேள்வியைக் காக்கவில்லை.

இரண்டு விக்ரம்கள்

1986ஆம் ஆண்டு 'விக்ர'மில் இக்குறை நீங்கும் வாய்ப்பு இருந்தது. ராஜசேகர் இயக்கம், திரைக்கதையில் சுஜாதாவும் கமல்ஹாசனும், இசை இளையராஜா. படம் உருவாகும்போதே சுஜாதாவின் எழுத்தில் 'விக்ரம்' குமுதத்தில் தொடராகவும் வந்தது. அக்னிபுத்ரா என்னும் ஏவுகணையைச் சுகிர்தராஜா கடத்துகிறான். அதனை மீட்க உளவு அதிகாரி விக்ரமும் கணிப்பொறி அறிந்த பெண்ணொருத்தியும் சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்குச் செல்கிறார்கள். இந்தியாவின் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 1983இல்தான் தொடங்கியிருந்தது. அக்னி ஏவுகணை முதன்முதலாகச் சாந்திப்பூரிலிருந்து செலுத்தப்பட்டது 1989 மே 22 அன்று. அக்னியின் பெயரைத் தாங்கிய ஏவுகணை தமிழ்த் திரையில் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே வந்துவிட்டது.

படத்தின் முதற்பாதி கூர்மையானது. சலாமியாவுக்குப் போனதும் அது ராஜா ராணிக் கதையாக இளகிவிடுகிறது என்னும் குறை நியாயமானதே. ஆயினும் படத்தின் கேள்வி தெளிவானது. பேரழிவுக் கருவியைச் செய்துவிட்டோம். அதனை இயக்கும் கட்டளை கணிப்பொறியில் இருக்கிறது. அக்கட்டளை கைமாறினால் என்ன ஆகும்? கணிப்பொறியை நேரில் கண்டிராத கோடிக்கணக்கான தமிழரிடம் இக்கேள்வி கேட்கப்பட்டது.

36 ஆண்டுகள் கழித்து வந்த படத்தில் எது எஞ்சியது? பெயர் எஞ்சியது. உளவு அதிகாரி எஞ்சினார். முன்னதில் மனைவியை இழந்தவர், பின்னதில் மகனை இழந்தார். பழிவாங்கும் துயரமும் எஞ்சியது. ஏவுகணையின் இடத்துக்குப் போதைப்பொருள் வந்தது. கணிப்பொறியின் இடத்துக்குத் துப்பாக்கிகள் வந்தன. தன் வகையில் அது நன்கு கட்டப்பட்ட படம். பேரனின் பலவீனமான இதயத்துக்காக வீட்டில் ஓசையை அடக்க முயலும் முதியவரின் காட்சியை எளிதில் மறக்க முடியாது. ஆனால் அது கைக்கொண்ட மரபு 1986ஆம் ஆண்டுப் படத்தினுடையதன்று. 2019இல் அதே இயக்குநர் எடுத்த 'கைதி'யினுடையது. ரசிகர்கள் இரண்டையும் இணைத்து 'லோகேஷ் சினிமாட்டிக் யுனிவர்ஸ்' என்று பெயரிட்டுக் கால வரிசை எழுதினார்கள். 2023இல் வந்த 'லியோ'வும் அவ்வரிசையில் சேர்ந்தது.

இது குற்றமா? ஒரு படைப்பாளி பழைய பெயரை எடுத்துப் புதிய கதை சொல்வதைத் தடுக்க எந்த இலக்கணமும் இல்லை. நம் வருத்தம் வேறு. செயற்கைக்கோளும் செயலியும் வீடு வீடாக நுழைந்துவிட்ட 2022இல், கட்டளை எவர் கையில் என்ற 1986இன் கேள்வி பலமடங்கு பெரிதாகியிருந்தது. கேட்க வேண்டிய காலம் வந்தபோது கேள்வியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம். ரசிகர்களின் வழக்கிலும் இது எழவில்லை. சண்டைக் காட்சிகளும் பின்னணி இசையுமே ஒப்பிடப்பட்டன.

ஜீனோ, சிட்டி, மீண்டும் சிட்டி

இரண்டாவது வழக்கு இதனினும் நுட்பமானது. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா', 2020களின் தொடக்கத்தை எதிர்காலமாக வைத்து எழுந்த நாவல். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி. நிலா என்னும் சாதாரணப் பெண். ஜீனோ என்னும் இயந்திர நாய். நாய் புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்கத் தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. தூர்தர்ஷனில் தொடராகவும் வந்து, எம் தலைமுறையினர் பலருக்கு ஜீனோ வீட்டு நாயாகிவிட்டது. 'மீண்டும் ஜீனோ' அதன் தொடர்ச்சி. இங்கே இரண்டாம் பாகம் முதற்பாகத்தின் வினாவையே மேலும் எடுத்துச் செல்கிறது: சிந்திக்கும் இயந்திரத்துக்கு மனிதரிடையே என்ன இடம்?

2010 அக்டோபர் 1 அன்று வெளிவந்த ஷங்கரின் 'எந்திரன்' அவ்வினாவின் வழித்தோன்றல். உரையாடலில் பங்களித்த சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்றே மறைந்துவிட்டார். பின்னர் மதன் கார்க்கியும் அப்பணியில் சேர்ந்தார். தீப்பிடித்த குடியிருப்பிலிருந்து சிட்டி ஒரு பெண்ணை மீட்டு வரும் காட்சி படத்தின் அச்சாணி. குளித்துக்கொண்டிருந்தவளை ஆடையின்றியே ஊரார் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது இயந்திரம். உயிர் காக்கத் தெரிந்த அதற்கு மானம் தெரியவில்லை. அவள் ஓடிச்சென்று வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரினும் மானம் பெரிதென்று ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடிய மொழியில்தான் இக்காட்சியை இவ்வளவு சுருக்கமாக எழுத முடியும். அதன் பிறகே சிட்டிக்கு உணர்வு ஊட்டப்படுகிறது, உணர்வு காதலாகிறது, காதல் அழிவாகிறது. முடிவில் அருங்காட்சியகத்தில் பிரித்து வைக்கப்பட்ட சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே தன் நிலைக்குக் காரணம் என்கிறது.

2018 நவம்பர் 29 அன்று '2.0' வந்தபோது ரசிகர்கள் பிளவுபட்டனர். முப்பரிமாணத்தின் வியப்பைச் சிலர் பேசினர். சனா குரலாக மட்டும் குறுகியதைச் சிலர் பேசினர். கைப்பேசி அலைகள் பறவைகளை அழிக்கின்றன என்னும் படத்தின் அறிவியல் சரியா என்று சிலர் கேட்டனர். செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிடவே செய்தது. இவற்றுள் மூன்றாவது கேள்வி தேவையானது. படம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அறிவியல் அதனை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் பட்சிராஜனின் கேள்வி அலைகளைப் பற்றியது மட்டுமன்று. இந்த வானம் மனிதனுக்கு மட்டும் உரியதா என்பது அது. பெரிய கேள்வி, வில்லனாகக் காட்டப்படுபவர் வாயில் வைக்கப்பட்டதால் மேலும் பெரிதாகிறது.

ஆனால் சிட்டியின் கேள்வி என்னவாயிற்று? சிந்தித்ததற்காகப் பிரிக்கப்பட்ட ஓர் இயந்திரம் ஆபத்து வந்ததும் மீண்டும் பூட்டப்படுகிறது, போரிட்டு வெல்கிறது. தன்னைப் பிரித்தோரிடம் அது எதையும் கேட்கவில்லை. சுஜாதாவின் நாவலில் நிலா மனிதப் பெண், '2.0'இல் நிலா ஓர் எந்திரப் பெண். பெயர் மனிதரிடமிருந்து இயந்திரத்துக்குச் சென்ற அந்தப் பயணத்தைப் பற்றியே ஒரு படம் எடுத்திருக்கலாம். இங்கும் பெயர் வந்தது. அதனோடு வர வேண்டிய வினா வழியில் நின்றுவிட்டது.

ஒரே சுவரில் இரு சட்டங்கள்

இவ்வழக்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர் நிறுத்தப்படும் என்ற நிலை வந்தபோது ரசிகர்கள் கடிதங்களைக் குவித்தனர். 1968இல் அதற்கு மூன்றாம் ஆண்டு கிட்டியது. ரசிகர் என்பார் பார்ப்பவர் மட்டுமல்லர், காப்பவரும் ஆவார் என்பதற்கு அது ஒரு தொடக்கம். ஜப்பானில் 1954இல் 'காட்ஸில்லா' பிறந்தது, அவ்வாண்டு மார்ச்சில் பிகினித் தீவு அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஒரு மீன்பிடிப் படகின் மீது விழுந்த துயரத்துக்குப் பின்னர். இடையில் அவ்விலங்கு குழந்தைகளின் தோழனாகவும் ஆக்கப்பட்டது. 2016இல் 'ஷின் காட்ஸில்லா' அதனை மீண்டும் தொடங்கியபோது, 2011ஆம் ஆண்டின் சுனாமியும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தும் பின்னணியாயின. பழைய காட்சிகள் மாறின. தன் அறிவே தன்மேல் விழும்போது ஒரு நாடு என்ன செய்யும் என்ற வினா மாறவில்லை. மறுதொடக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று நாமறிய இல்லை.

எதிர்ச்சான்றும் உண்டு. 'ஸ்டார் வார்ஸ்' படைத்த ஜார்ஜ் லூகாஸ், பழைய படங்களைப் பின்னர் மாற்றுவதை எதிர்த்து 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். அவரே 1997இல் தம் படங்களில் புதிய காட்சிகளைச் செருகித் திருத்திய பதிப்புகளை வெளியிட்டார். திருத்தியதை ரசிகர்கள் பொறுத்திருக்கக்கூடும். திருத்தப்படாத 1977ஆம் ஆண்டுப் பதிப்பைக் காண்பது பல்லாண்டுகளுக்கு அரிதாகிவிட்டது என்பதே அவர்களுடைய மனக்குறை.

இவ்விடத்தில் நமக்கு நினைவுக்கு வருவது அருகிலுள்ள உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு குடவோலை முறையின் விதிகளைச் சொல்கிறது. வாரியத்துக்கு நிற்பவர் முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டே ஆண்டுகளில், 921இல், விதிகள் திருத்தப்பட்டன. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்றாயிற்று. திருத்தியவர்கள் முன்னதைச் செதுக்கி அழிக்கவில்லை. பழைய சட்டமும் புதிய சட்டமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அதனால்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் எது ஏன் மாறியது என்று நம்மால் வாதிட முடிகிறது. முன்னது அழிந்திருந்தால் பின்னது திருத்தம் என்பதே தெரிந்திராது.

2009இல் வந்த புதிய 'ஸ்டார் ட்ரெக்' படம் இதையே கதைக்குள் செய்தது. பழைய நிகழ்வுகளை இல்லையென்று ஆக்காமல், காலத்தின் இன்னொரு கிளையாகப் புதிய கதையைத் தொடங்கி, பழைய ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோயையே புதிய ஸ்பாக்கின் முன் நிறுத்தியது.

நம் நிலை கவலைக்குரியது. தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' இன்று இல்லை. அதற்கு முந்தைய, நடராஜ முதலியாரின் மௌனப் படமான 'கீசக வத'மும் இல்லை. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கப்பட்டது. ஏடு தேடி ஊர் ஊராக அலைய உ.வே.சா. இருந்தார். படச்சுருளைத் தேடி அலைந்தவர் மிகச் சிலர். முன்னதைக் காக்காத சமூகத்தில் ரீபூட் என்பது ஒரு திருத்தமாக இருப்பதில்லை. பழையதன் மேல் பூசிய சுண்ணாம்பாகிவிடுகிறது.

பெயரில்லாத வாரிசு

2024 ஜனவரி 12 அன்று ஆர். ரவிக்குமாரின் 'அயலான்' வெளியானது. 2015இல் 'இன்று நேற்று நாளை' என்னும் காலப் பயணக் கதையைத் தெளிவும் நகைச்சுவையுமாகச் சொன்ன இயக்குநர். இப்படத்திலும் வேற்றுக் கோளிலிருந்து ஒருவர் பூமிக்கு வருகிறார். பாட்டுக்காக அன்று, பூமியை ஆழத் துளைத்து எரிபொருள் எடுக்க முனையும் மனிதனைத் தடுப்பதற்காக. அவருக்குத் துணை நிற்பவன் ஓர் இயற்கை வேளாண் உழவன். டெல்டாவில் மீத்தேன் எதிர்ப்புப் போராட்டங்களைக் கண்ட தமிழ்நாட்டில் இக்கதையின் வேர் எங்கிருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

படத்தில் குழந்தைகளுக்கான வேடிக்கை மிகுதி, முடிவு வழக்கமானதே. ஆனால் 'கலை அரசி'யை அருகில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 1963இல் அயற்கோளினர் நம்மிடம் கற்க வந்தனர். நம்மிடம் இருப்பதிலேயே உயர்ந்தது பாட்டு என்று அன்றைய தமிழ்த் திரை நம்பியது. 61 ஆண்டுகள் கழித்து அயலான் நம்மைத் தடுத்து நிறுத்த வருகிறான். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு நாம் எவ்வாறு தெரிவோம் என்னும் வினா ஒன்றே, விடை தலைகீழாகிவிட்டது. பெயரும் நடிகரும் தொடராமலே 'கலை அரசி'யின் உண்மையான மறுதொடக்கம் 'அயலான்' எனலாம். இவ்விரண்டையும் ஒப்பிட்டு வாதிட்டவரை நாம் இதுவரை சந்திக்கவில்லை. வாதிட்டிருந்தால் இவ்வகைப் படங்களுக்குத் தமிழில் ஒரு மரபு இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். அடுத்து எடுப்பவர் தாமே முதல்வர் என்று எண்ணித் தொடங்க வேண்டியிராது.

ஆகவே அடுத்த 'இரண்டாம் பாகம்' வரும்போது, எது சிறந்தது என்று தொடங்கும் முன் மூன்று கேள்விகளை நம் ரசிகர்கள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். முதற்படம் எதனைக் கேட்டது? புதிய படம் அதனைத் தன் காலத்தில் வைத்து மீண்டும் கேட்கிறதா, அன்றிப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டதா? புதியதைப் பார்த்தவருக்குப் பழையதைத் தேடிப் பார்க்கும் ஆவல் எழுகிறதா, தேவையில்லை என்ற நிறைவு எழுகிறதா? கடைசிக் கேள்வியே முதன்மையானது. கோபாலகிருஷ்ண பாரதியாரைப் படித்தவர் சேக்கிழாரிடம் செல்கிறார். உதயணகுமார காவியத்தைப் படித்தவர் பெருங்கதையைத் தேடுகிறார். 2022ஆம் ஆண்டு 'விக்ர'மைக் கண்ட நம் மாணவர்களில் ஒருவரேனும் 1986ஆம் ஆண்டுப் படத்தைத் தேடி, அக்னிபுத்ராவின் கட்டளை யார் கையில் என்ற இடத்தில் சற்று நின்று யோசித்தால், அந்த மறுதொடக்கமும் தன் கடமையில் பாதியைச் செய்துவிட்டது என்றே கொள்வோம்.